தபால் ஓட்டுக்கு உன் கையெழுத்து மட்டும் போதாது, தங்கச்சி!

49 ஓட்டு. 2016 சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரத்தில் அதிமுகவின் இன்பதுரை ஜெயித்ததும் திமுகவின் அப்பாவு தோற்றதும் அந்த வித்தியாசத்தில்தான். அந்த ஓட்டுகளை எண்ணியபோது 203 தபால் ஓட்டுகளைச் செல்லாதவை என்று ஒதுக்கி வைத்தார்கள். அவற்றை யாரும் கள்ள ஓட்டு என்று சொல்லவில்லை. ஓட்டுப் போட்டவர் கையெழுத்து சரியில்லை என்றும் சொல்லவில்லை. அதற்குக் கீழே சான்றொப்பம் போட்டவர் நடுநிலைப்பள்ளித் தலைமையாசிரியர், அவர் கெசட்டட் அதிகாரி ஆகமாட்டார் என்பதுதான் பிரச்சினை. அப்பாவு வழக்குப் போட்டார். மூன்று வருஷத்துக்கு மேல் இழுத்து, 2019 அக்டோபர் 1 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்த 203 ஓட்டுகளையும், 19, 20, 21-ஆம் சுற்று இயந்திர ஓட்டுகளையும் திரும்ப எண்ணச் சொன்னது. அக்டோபர் 4 அன்று நீதிமன்ற வளாகத்திலேயே எண்ணினார்கள். ஆனால், முடிவை அறிவிக்க உச்ச நீதிமன்றம் தடை போட்டுவிட்டது. அந்தச் சட்டமன்றத்தின் காலமே அப்படி முடிந்துபோனது. 2021-இல் அப்பாவு அதே தொகுதியில் ஜெயித்துச் சபாநாயகரும் ஆனார். அந்த 203 பேரில் பெரும்பாலானவர்கள் உன்னைப் போலத் தேர்தல் வேலைக்குப் போனவர்களாகத்தான் இருக்க வேண்டும். அவர்களுடைய ஓட்டுக்கு அன்றைக்கு மதிப்பில்லாமல் போனது போனதுதான்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், டூட்டி ஆர்டர் வந்ததும் நீ போனில் கேட்ட கேள்வி அப்படி. “அக்கா, கையெழுத்தைத் தமிழில் போடணுமா, இங்கிலீஷில் போடணுமா? சர்வீஸ் ரெஜிஸ்டரில் இருக்கிற மாதிரியே இல்லைன்னா ஓட்டு செல்லாதா?” என்று. உன்கூட வேலை பார்க்கும் மற்ற டீச்சர்களுக்கும் இதே பயம் இருக்கும். எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

பயத்தை முதலில் விடு. நம் ஊரில் உன் கையெழுத்தைப் பழைய கையெழுத்தோடு யாரும் வைத்துப் பார்ப்பதில்லை. அந்த வழக்கம் அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே பல மாநிலங்களில் தபால் ஓட்டு உறையின் மேல் வாக்காளர் போட்ட கையெழுத்தை, பதிவில் இருக்கும் கையெழுத்தோடு பேங்க்கில் செக்கைப் பார்ப்பது மாதிரி ஒத்துப் பார்க்கிறார்கள். அதில் அவர்கள் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. வாஷிங்டன் மாநிலத்தில் 2020 தேர்தலின் உறைகளை மாநிலத் தணிக்கை அதிகாரி ஆராய்ந்து 2022-இல் அறிக்கை கொடுத்தார். கறுப்பின வாக்காளர்களின் ஓட்டு, வெள்ளையரின் ஓட்டைவிட நான்கு மடங்கு விகிதத்தில் தள்ளப்பட்டிருந்தது. இளம் வயதுக்காரர்களுடைய ஓட்டும் அதிகமாகத் தள்ளப்பட்டிருந்தது. ஜார்ஜியா மாநிலத்தின் காப் கவுண்டியில் 2020 தேர்தலுக்குப் பிறகு 15,118 உறைகளை எடுத்துத் திரும்பச் சோதித்தார்கள். ஒரு மோசடி ஓட்டுகூடக் கிடைக்கவில்லை. மறு வருஷமே அந்த மாநிலம் கையெழுத்து ஒப்பிடும் முறையைக் கைவிட்டு, அடையாள எண்ணைக் கேட்க ஆரம்பித்தது. வயசானால் கை நடுங்கும், அவசரத்தில் சுழி மாறும், இருபது வயசில் போட்ட கையெழுத்து ஐம்பதில் இருக்காது. மனிதக் கையை நம்பி ஒரு ஓட்டைத் தள்ளுவது எவ்வளவு ஆபத்து என்று அங்கே தெரிந்துகொண்டார்கள்.

நம் முறை வேறு. உன் கையெழுத்து எப்படி இருக்கிறது என்று கேட்பதில்லை. நீ போட்டதை யார் பார்த்தார் என்று கேட்கிறார்கள். 1961-ஆம் வருஷத்துத் தேர்தல் நடத்தை விதிகள் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கின்றன. அதனால் தமிழில் போடு, இங்கிலீஷில் போடு, இனிஷியலை முன்னால் போடு, பின்னால் போடு, எல்லாம் ஒன்றுதான். உன் கண் இருக்க வேண்டிய இடம் உன் கையெழுத்துக்குக் கீழே இருக்கும் இன்னொருவரின் கையெழுத்து.

முதலில் எந்தத் தொகுதி என்று பார்

இது நம் பக்கத்து ஆட்களுக்கே உள்ள சிக்கல், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சேலம் மாவட்டத்தில் 11 சட்டமன்றத் தொகுதிகள். ஆனால், பாராளுமன்றம் என்று வந்தால் அவை நான்கு பக்கம் பிரிந்துபோகின்றன. ஆறு தொகுதி சேலத்தோடு, சங்ககிரி நாமக்கல்லோடு, மேட்டூர் தருமபுரியோடு. நம் ஏற்காடு, ஆத்தூர், கெங்கவல்லியோடு சேர்ந்து கள்ளக்குறிச்சிக்குப் போகிறது. கலெக்டர் ஆபீஸ் சேலத்தில், எம்.பி. தொகுதி கள்ளக்குறிச்சி!

இதனால் என்ன ஆகிறது? தேர்தல் பணிச் சான்று, அதாவது ஈ.டி.சி., கையில் இருந்தால் நீ வேலை பார்க்கும் பூத்திலேயே இயந்திரத்தில் ஓட்டுப் போட்டுவிடலாம். சான்றொப்பமும் வேண்டாம், உறையும் வேண்டாம். ஆனால், உன் பெயர் இருக்கும் தொகுதிக்குள்ளேயே உனக்கு டூட்டி விழுந்தால்தான் அது கிடைக்கும். பாராளுமன்றத் தேர்தலில் ஏற்காட்டில் பெயர் உள்ளவருக்கு ஆத்தூரில் டூட்டி என்றால் ஈ.டி.சி. கேட்கலாம். அயோத்தியாப்பட்டணம் தாண்டிச் சேலம் டவுனுக்குள் டூட்டி விழுந்தால், ஒரே மாவட்டம், பஸ்ஸில் கொஞ்ச தூரம் என்றாலும், அது வேறு பாராளுமன்றத் தொகுதி, தபால் ஓட்டுத்தான். சட்டமன்றத் தேர்தலில் சொந்தத் தொகுதிக்குள் டூட்டி போடுவது வழக்கமில்லை என்பதால், கிட்டத்தட்ட எல்லோருக்குமே தபால் ஓட்டுத்தான்.

ஈ.டி.சி.க்கு படிவம் 12ஏ. தபால் ஓட்டுக்கு படிவம் 12. மாற்றிக் கொடுத்துவிட்டு நிற்காதே. படிவம் 12 ஓட்டுப்பதிவுக்கு ஏழு நாளுக்கு முன்னாலேயே தேர்தல் நடத்தும் அலுவலருக்குப் போய்ச் சேர வேண்டும். பயிற்சி வகுப்பில் வாங்குகிறார்கள் என்றால் முதல் வகுப்பிலேயே கொடுத்துவிடு, அடுத்த வகுப்புக்குத் தள்ளிப்போடாதே. அதில் பாகம் எண், வரிசை எண் இரண்டும் எழுதணும். வாக்காளர் அட்டை நம்பர் மட்டும் எழுதிவிட்டால் போதும் என்று நினைக்காதே. பழைய பூத் ஸ்லிப்பைப் பார்த்தும் எழுதாதே. 2025 நவம்பரில் ஆரம்பித்த எஸ்.ஐ.ஆர். என்ற வாக்காளர் பட்டியல் திருத்தத்துக்குப் பிறகு பட்டியல் புதுசு. பாகமும் வரிசையும் மாறியிருக்கலாம். தேர்தல் ஆணைய இணையதளத்தில் உன் அட்டை நம்பரைப் போட்டுப் பார்த்துவிட்டு, அதில் இருப்பதை அப்படியே எழுது. கல்யாணத்துக்கு அப்புறம் பெயரை மாற்றாமல் பிறந்த வீட்டிலேயே வைத்திருப்பவர்கள் நம்மிடம் நிறைய. உன் பெயர் இங்கே குப்பனூரில் நம் வீட்டு விலாசத்தில் இருக்கிறதா, மாப்பிள்ளை வீட்டு விலாசத்துக்குப் போய்விட்டதா என்பதை முதலில் பார்.

மேஜையில் உட்கார்ந்ததும்

நான் வேலையில் இருந்த காலத்தில் வாக்குச் சீட்டு வீட்டுக்குத் தபாலில் வரும். அதை எடுத்துக்கொண்டு கெசட்டட் அதிகாரியைத் தேடி அலைய வேண்டும். கொட்டச்சேடு பக்கம் மலை ஊர்ப் பள்ளியில் இருந்த டீச்சர்களுக்கு அது பெரிய பாடு. சாயங்காலம் பள்ளி விட்டு பஸ் பிடித்து இறங்கி வந்தால் ஆபீஸ் பூட்டியிருக்கும். பக்கத்துப் பள்ளி ஹெச்.எம். கையெழுத்துப் போட்டால் போதும் என்று யாராவது சொன்னால் அதை நம்பி வாங்கிவிடுவார்கள். ராதாபுரத்தில் நடந்ததை நினைத்தால், அப்படி எத்தனை பேர் ஓட்டு எங்கெங்கே போயிருக்கும் என்று மனசு பதைக்கிறது.

2023 ஆகஸ்டில் விதியைத் திருத்தினார்கள். தேர்தல் டூட்டியில் இருப்பவர் இனிச் சீட்டை வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது. ஃபெசிலிடேஷன் சென்டர் என்ற வாக்களிப்பு மையத்திலேயே வாங்கி, அங்கேயே ஓட்டுப் போட்டு, அங்கேயே பெட்டியில் போட்டுவிட வேண்டும். பயிற்சி நடக்கும் இடத்திலேயே பெரும்பாலும் சென்டர் இருக்கும். சான்றொப்பம் போட அங்கேயே அதிகாரி உட்கார்ந்திருப்பார். நல்ல மாற்றம்தான், நான் மனசார வரவேற்கிறேன். ஆனால், பயிற்சி முடிந்த மத்தியானம் நூற்றுக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் முண்டியடிக்கும்போது, அந்த ஒரு அதிகாரி கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருப்பார். சில தாளில் கை ஓடாமல் போய்விடும். அதனால் ஆர்டரையும் வாக்காளர் அட்டையையும் எடுத்துக்கொண்டு, முடிந்தால் கூட்டம் சேரும் முன்பே போ.

உன் கையில் நான்கு பொருள் தருவார்கள். வாக்குச் சீட்டு ஒன்று. ‘ஏ’ என்று குறித்த சின்ன உறை. அதுதான் படிவம் 13பி. ‘பி’ என்று குறித்த பெரிய உறை, படிவம் 13சி. அப்புறம் ஒற்றைத் தாளில் உறுதிமொழி, படிவம் 13ஏ. எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லும் 13டி குறிப்பும் கூடவே இருக்கும். சின்ன உறைக்கு ‘ஏ’ என்று பெயர் வைத்துவிட்டு உறுதிமொழித் தாளுக்கும் 13ஏ என்று நம்பர் கொடுத்திருப்பதால் பலர் குழம்புகிறார்கள். பெயரை விடு. சின்ன உறைக்குள் ஓட்டு மட்டும். பெரிய உறைக்குள் மூடிய சின்ன உறையும், அதற்கு வெளியே உறுதிமொழித் தாளும். இவ்வளவுதான் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியது. உறுதிமொழியைச் சின்ன உறைக்குள் போட்டு ஒட்டிவிட்டால் போச்சு. எண்ணும் மேஜையில் பெரிய உறையைப் பிரிப்பார்கள், உறுதிமொழி கண்ணில் படாது, சின்ன உறையைத் திறக்காமலே தள்ளிவிடுவார்கள். திறந்து பார்க்க விதியில் இடமே இல்லை.

இப்போது அந்த 13ஏ தாளைக் கொஞ்சம் கிட்டே வைத்துப் பார். மேல் பாதி உன்னுடையது. இன்ன வரிசை எண்ணுள்ள தபால் வாக்குச் சீட்டு வழங்கப்பட்ட வாக்காளர் நான்தான் என்று நீ சொல்கிறாய். அந்த எண்ணுக்கு ஒரு கோடு இருக்கும். வாக்குச் சீட்டில் அச்சடித்த எண்ணைப் பார்த்து அங்கே எழுது. சின்ன உறையின் மேலும் அதே எண் இருக்கிறதா என்று பார். எழுதாமல் விட்டிருந்தால் எழுது. மூன்று இடத்திலும் ஒரே எண். ஒரு இலக்கம் புரண்டாலும் ஓட்டு போய்விடும், உன் கையெழுத்து எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. என்னைக் கேட்டால், சீட்டைச் சின்ன உறைக்குள் வைத்து ஒட்டும் முன்பே எண்ணை எழுதி முடித்துவிடு. ஒட்டிய பிறகு சீட்டைப் பார்க்க முடியாது, ஞாபகத்தில் எழுதினால் 6-ம் 9-ம் இடம் மாறும்.

கீழ்ப் பாதி அதிகாரியுடையது. “இவர் என் முன்னிலையில் கையெழுத்திட்டார், இவரை எனக்கு நேரில் தெரியும்” என்றோ, “எனக்குத் தெரிந்த இன்னார் இவரை அடையாளம் காட்டினார்” என்றோ அவர் சொல்வதாக இருக்கும். அதனால் வீட்டிலோ வரிசையிலோ முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக்கொண்டு போகாதே. அவர் முன்னால் போடு. அவர் போட்ட பிறகு தாளை அங்கேயே, அவர் மேஜையிலேயே, திருப்பிப் பார். கையெழுத்து இருக்கிறதா? பதவி? விலாசம்? தேதி? ஏதாவது காலியாக இருந்தால், “சார், இந்த இடம் விட்டுப்போச்சு, கொஞ்சம் போட்டுக் கொடுங்க” என்று கேள். பின்னால் நிற்பவர்கள் சலித்துக்கொள்வார்கள். சலித்துக்கொள்ளட்டும். பச்சை மையில் போட்டாரா, நீல மையில் போட்டாரா என்று அலட்டிக்கொள்ளாதே. சீல் இருந்தால் நல்லது, வாங்கிக்கொள்.

சீல் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று நீ கேட்பாய். அதற்கும் ஒரு பெரிய வழக்கே நடந்திருக்கிறது. 2024-இல் ஆந்திராவில் இதே ஃபெசிலிடேஷன் சென்டர் கூட்டத்தில், சான்றொப்ப அதிகாரிகள் பல தாள்களில் வெறும் கையெழுத்து மட்டும் போட்டிருந்தார்கள். பெயர், பதவி, சீல் இல்லை. தேர்தல் ஆணையமே நியமித்து உட்கார வைத்த அதிகாரி என்பதால், கையெழுத்து இருந்தால் போதும், ஏற்றுக்கொள்ளலாம் என்று உத்தரவு வந்தது. சந்தேகம் வந்தால் அந்த அதிகாரியின் மாதிரிக் கையெழுத்தோடு வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள். கவனித்தாயா? கையெழுத்தை ஒத்துப் பார்ப்பது என்று நம் நாட்டில் வந்தால், அதுவும் வாக்காளருடையது அல்ல, அதிகாரியுடையது! ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் இதை எதிர்த்து உயர் நீதிமன்றம் போனது, அங்கே தள்ளுபடி. உச்ச நீதிமன்றமும் 2024 ஜூன் 3 அன்று தலையிட மறுத்தது. மறுநாள் ஓட்டு எண்ணிக்கை. அந்த ஊழியர்களின் ஓட்டு கடைசி நாள் வரை தொங்கலில் கிடந்தது. அந்த உத்தரவு ஆந்திராவில் அந்தத் தேர்தலுக்குச் சொன்னது. அதை நம்பி நீ காலி இடத்தோடு எழுந்து வராதே.

சீட்டில் ஓட்டைக் குறிக்கும்போது டிக் போடு, இல்லை குறுக்குக்கோடு போடு, ஒரே ஒரு பெயருக்கு நேராக. சீட்டின் மேல் உன் கையெழுத்தையோ இனிஷியலையோ எக்காரணம் கொண்டும் போடாதே. டீச்சர்களுக்கு இந்தக் கை பழகிப்போன கை. திருத்திய தாளில் எல்லாம் கையெழுத்துப் போட்டே பழக்கம். ஓட்டு யாருடையது என்று கண்டுபிடிக்கும்படி சீட்டில் எது இருந்தாலும் அது செல்லாது. கையெழுத்துக்கு இடம் உறுதிமொழித் தாளும், பெரிய உறையில் அனுப்புநர் கோடும் மட்டும்தான்.

அப்பாயிக்கு வீட்டிலேயே ஓட்டு

85 வயசு தாண்டியவர்களும், 40 சதவீதத்துக்குக் குறையாத மாற்றுத்திறன் சான்று உள்ளவர்களும் வீட்டிலிருந்தே தபால் ஓட்டுப் போடலாம். முன்பு 80 வயசு என்று இருந்ததை 2024 மார்ச்சில் 85 ஆக்கிவிட்டார்கள். அதனால் 2021-இல் வீட்டில் போட்டவர்கள் எல்லோருக்கும் இப்போது கிடைக்காது. நம் அப்பாயிக்குக் கிடைக்கும். பூத் லெவல் ஆபீஸர் வீடு தேடி வந்து 12டி படிவம் தருவார். தேர்தல் அறிவிக்கை வந்த ஐந்து நாளுக்குள் அது திரும்பிப் போய்ச் சேர வேண்டும். அதில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதற்கு முன்னால் அப்பாயியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். இது முக்கியம். படிவம் ஏற்கப்பட்டால் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே தபால் ஓட்டு என்று குறித்துவிடுவார்கள். அப்புறம் பூத்துக்குப் போய் ஓட்டுப் போட முடியாது. ஊரோடு சேர்ந்து பூத்துக்குப் போய் விரலில் மை வைத்துக்கொண்டு வருவதை விரும்பும் கிழவிகள் நம் பக்கம் உண்டு. கார் வைத்து அழைத்துப் போக ஆள் இருந்தால் அந்த ஆசையைக் கெடுக்க வேண்டாம்.

குழு வரும் நாளை முன்கூட்டிச் சொல்வார்கள். இரண்டு அலுவலர்கள், போலீஸ், வீடியோ எடுப்பவர் என்று வருவார்கள். வந்த நேரம் ஆள் இல்லை என்றால் இன்னொரு முறை வருவார்கள், அதோடு சரி. மலை ஊர்களில் மழை பெய்து பாதையில் மண் சரிந்தால், அடிவாரத்து ரோட்டை மூடிவிட்டு வண்டிகளையெல்லாம் நம் குப்பனூர் வழியாகத் திருப்பிவிடும் நாட்கள் உனக்குத் தெரியாததா? குழு தாமதமாக வரும். சாயங்காலம் ஆகிவிட்டது என்று அப்பாயியைப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள்.

அப்பாயிக்குக் கையெழுத்து வராது. அதைப் பற்றிக் கூச்சமோ பயமோ வேண்டாம். மலைமேல் மலையாளி பழங்குடி மக்களின் ஊர்களிலும் அந்த வயசுப் பெரியவர்களில் எத்தனையோ பேர் கைநாட்டுக்காரர்கள். எழுதத் தெரியாதவர், கண் தெரியாதவர், உடம்பு முடியாதவர் ஓட்டுக்கு விதியிலேயே வழி இருக்கிறது. 13ஏ தாளில் இதற்கென்றே ஒரு பகுதி உண்டு: வாக்காளர் கேட்டுக்கொண்டபடி, அவர் முன்னிலையில், அவர் விருப்பப்படி ஓட்டைக் குறித்து, அவர் சார்பில் கையெழுத்தும் போட்டேன் என்று அதிகாரி எழுதிக் கொடுப்பது. அப்பாயி பெயரை நீயே எழுதி “இதுதான் அவங்க கையெழுத்து” என்று கொடுத்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதே. நல்ல எண்ணத்தில் செய்தாலும் அது அடுத்தவர் கையெழுத்தைப் போடுவதுதான். வந்திருக்கும் அலுவலரிடம், “இவங்களுக்குக் கையெழுத்து வராதுங்க, அந்தப் பகுதியை நிரப்புங்க” என்று சொல். நிரப்பிய பிறகு, அவர் கையெழுத்தும் சீட்டு எண்ணும் அந்தத் தாளில் இருக்கின்றனவா என்று நீயே பார்.

அலுவலர் விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கேரளத்தின் பெரிந்தல்மண்ணா இருக்கிறது. 2021-இல் முஸ்லிம் லீக்கின் நஜீப் காந்தபுரம் அங்கே ஜெயித்தது 38 ஓட்டில். தள்ளப்பட்ட தபால் ஓட்டுகள் 348. அவை முக்கியமாக வயசானவர்களும் மாற்றுத்திறனாளிகளும் வீட்டில் போட்டவை. அலுவலர் கையெழுத்து இல்லை, வரிசை எண் இல்லை என்பது மாதிரிக் காரணங்கள்தான். வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே அந்தச் சீட்டுகள் இருந்த பெட்டி ஒன்று காணாமல் போய், 2023 ஜனவரியில் மலப்புரத்தில் ஒரு கூட்டுறவுத் துறை அலுவலகத்தில் கிடைத்தது. 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தோற்றவரின் மனுவைத் தள்ளுபடி செய்தது. படுத்த படுக்கையில் இருந்தவர்கள் ஆசையாகப் போட்ட ஓட்டு, கூடவே வந்த அலுவலரின் பேனா ஓடாததால் போனது. இதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. அவர்கள் என்ன தப்புச் செய்தார்கள்?

பட்டாளத்தில் இருக்கும் சித்தப்பா மகனுக்கும் ஒரு வரி. அவனுக்குச் சீட்டு ஆன்லைனில் போகும். 2016-இல் புதுச்சேரி நெல்லித்தோப்பு இடைத்தேர்தலில் முதலில் பரிசோதித்த முறை அது. அவன் அச்செடுத்து, யூனிட் அதிகாரியிடம் சான்றொப்பம் வாங்கி, தபாலில் அனுப்ப வேண்டும். எண்ணும் நாள் காலை எட்டு மணிக்கு முன் வந்து சேராவிட்டால் உறையையே பிரிக்க மாட்டார்கள். சீட்டு வந்த அன்றைக்கே போடச் சொல்.

எண்ணும் இடத்தில்

உன் வேலை பெட்டியில் போட்டதோடு முடிந்தது. ஆனால், கட்சி ஏஜென்டாக உட்காரும் தம்பிகள் நம் ஊரில் இருக்கிறார்கள், அவர்களுக்கும் இதைக் காட்டு. எட்டு மணிக்கு முதலில் தபால் ஓட்டுத்தான். அரை மணி கழித்து இயந்திரங்கள் ஆரம்பித்துவிடும், எல்லோர் கண்ணும் அங்கே ஓடிவிடும். தபால் மேஜையில் உட்கார ஆள் இருக்காது. தள்ளும் ஒவ்வொரு உறைக்கும் என்ன காரணம் என்று கேட்க அங்கே ஒருவர் வேண்டும். 2025 செப்டம்பரில் தேர்தல் ஆணையம் ஒரு நல்ல உத்தரவு போட்டது: தபால் ஓட்டு எண்ணி முடிக்காமல், இயந்திரங்களின் கடைசிக்கு முந்தைய சுற்றைத் தொடக்கூடாது. தனியாக இன்னொரு விதியும் உண்டு: ஜெயித்த வித்தியாசத்தைவிடத் தள்ளப்பட்ட தபால் ஓட்டுகள் அதிகமாக இருந்தால், முடிவை அறிவிக்கும் முன் அவை அத்தனையையும் திரும்பச் சரிபார்த்தே ஆக வேண்டும். குஜராத்தின் தோல்காவில் 2017-இல் வித்தியாசம் 327, தள்ளியது 429. 2020 மே மாதம் உயர் நீதிமன்றம் அந்தத் தேர்தலையே செல்லாது என்றது. சில நாளில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. அதனால் வித்தியாசம் குறைவு என்று தெரிந்ததும் ஏஜென்ட் எழுந்து, “தள்ளினது எத்தனை?” என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

எனக்கு ஒரு குறை உண்டு. அமெரிக்காவில் பல மாநிலங்களில், கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்றால் வாக்காளருக்குச் சொல்லி அனுப்பி, சரிசெய்ய அவகாசம் தருகிறார்கள். நம்மிடம் அது இல்லை. உன் ஓட்டு எண்ணப்பட்டதா, தள்ளப்பட்டதா என்று யாரும் உனக்குச் சொல்ல மாட்டார்கள். தள்ளினால் எதற்காகத் தள்ளினார்கள் என்றும் தெரியாது. அதனால்தான் ஒவ்வொரு தேர்தலிலும் அதே காலி இடம், அதே எண் குழப்பம்.

தேர்தல் முடிந்து சில நாளில், படிவம் 20 என்ற இறுதி முடிவுத் தாளைத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் போடுவார்கள். ஏற்காட்டுக்கு உள்ளதை எடுத்துப் பார். பூத் வாரியாக வரிசை ஓடி, கடைசியில் தபால் ஓட்டுக்கு என்று தனி வரிசை இருக்கும். தள்ளப்பட்டவை எத்தனை என்பது அதில் தெரியும். காரணம் இருக்காது. அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு உங்கள் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எழுப்பு: சான்றொப்பம் இல்லாதது எத்தனை, எண் மாறியது எத்தனை, உறுதிமொழி இல்லாதது எத்தனை என்று பிரித்துக் கொடுக்கும்படி மாவட்டத் தேர்தல் அதிகாரிக்கு ஒரு மனு எழுதுங்கள். அடுத்த தேர்தலின் முதல் பயிற்சி வகுப்பிலேயே அந்தக் கணக்கைப் பலகையில் எழுதிக் காட்டச் சொல்லியும் அதில் கேளுங்கள். மனுவை நான் எழுதித் தருகிறேன், நீ கையெழுத்துகளை வாங்கு.